ஹுமைத் வண்டிக்குப் பலம் கூட்டினான்

பாலைமணல் ஓரத்தில் இருக்கும் எங்கள் பிதியாவில் வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்தால் ஆண்பிள்ளைகளுக்கு ஒரே வேலைதான். ஊருக்குத் தெற்கே இருக்கும் பெரிய மணல்மேட்டின் அடியில் போய் நிற்பது, டயரில் பாதிக் காற்றை இறக்குவது, உச்சியைப் பார்த்து வண்டியை விரட்டுவது. மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் இன்னொரு மணல்மேடு இருக்கிறது. ஏறியவனும் கீழே வந்து பேரீச்சம்பழம் தின்று காபி குடிப்பான், ஏறாதவனும் அதே காபியைத்தான் குடிப்பான். ஏறாதவன் குடிக்கும்போது மட்டும் சுற்றியிருப்பவர்கள் கொஞ்சம் அதிகமாகப் பேசுவார்கள்.

போன குளிர்காலம் முழுக்க அப்படிப் பேச்சுக் கேட்டுக்கொண்டே காபி குடித்தவன் ஹுமைத். வயது ஐம்பத்து நாலு. இருபத்தைந்து வருடம் ராணுவத்தில் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். 'வண்டியைப் பத்தி எனக்குத் தெரியாததா' என்பது பிஸ்மில்லாவுக்கு அடுத்தபடியாக அவன் வாயில் அதிகம் வருகிற வார்த்தை. அவனிடம் இருப்பது தொண்ணூற்று மூன்றாம் வருடத்து பிக்கப் வண்டி. ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். இழுவைக்குக் குறைவில்லை, வேகத்துக்குத்தான் கொஞ்சம் யோசிக்கும். பெரிய மேட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும், வந்த வேலை மறந்துபோன மாதிரி நின்றுவிடும். பிறகு பின்பக்கமாகவே இறங்கி வரும்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அதுபோல இந்த அவமானத்தை அவன் மனைவியின் தம்பி முசல்லம் கைபேசியில் படம் பிடித்துவிட்டான். முசல்லமிடம் எட்டு சிலிண்டர் புது வண்டி. அன்றிரவு இஷா தொழுகைக்குள் அந்தப் படத்தைப் பிதியாவில் பார்க்காத ஆள் இல்லை. காற்று திசை மாறிவிட்டது, இல்லாவிட்டால் ஏறியிருக்கும் என்றான் ஹுமைத். மீசையில் மண் ஒட்டவில்லை என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது தாடி, புருவம், காது மூன்றிலும் மண் இருந்தது.

இந்தக் கதையில் பாதி, ஹுமைதே பின்னால் தன்னைக் கிண்டலடித்து ஊருக்குச் சொன்னது. மீதிப் பாதி, அவன் சொல்லும்போது குறுக்கே புகுந்து அவன் மனைவி காலியா திருத்தியது. திருத்தங்கள்தான் அதிகம்.

புது வண்டி வாங்க ஓய்வூதியம் இடம் கொடுக்காது. இருக்கிற இன்ஜினுக்கே மலிவாகப் பலம் கூட்டுவது என்று இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் ஹுமைத் முடிவு செய்தான். முடிவு செய்த அன்றே யோசனைகள் வந்து குவிந்தன. எங்கள் ஊரில் தண்ணீர் கேட்டால் கொடுக்கத் தயங்குகிறவன்கூட யோசனை கேட்டால் வீட்டுக்கு வந்து கொடுப்பான். பெட்ரோல் பங்க்கில் ஒருவன் ஏர் ஃபில்டரை மாற்றினால் பத்துக் குதிரைசக்தி கூடும் என்றான். பள்ளிவாசல் படியில் இன்னொருவன் சைலன்ஸரைத் தூக்கி எறிந்தால் பதினைந்து என்றான். கார்புரேட்டரில் இருபது, இக்னிஷன் டைமிங்கில் எட்டு, சிலிண்டர் ஹெட்டை இழைத்தால் பன்னிரண்டு. ஹுமைத் எல்லாவற்றையும் பார்லி மூட்டையின் மேல் எழுதிக் கூட்டிப் பார்த்தான். கூட்டி வந்த கணக்குப்படி அந்த வண்டி தொலைதூரம் போகும் சலாலா பஸ்ஸையே இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

"இத்தனை குதிரையும் ஏறிடுச்சுன்னா நாம எங்க உட்காருறது?" என்று கேட்டாள் காலியா. பொம்பளைக்கு இன்ஜின் கணக்கு புரியாது என்று சொல்ல வாயெடுத்தவன், அவள் கையில் தோசைக்கல்லைப் போன்ற ரொட்டிக்கல் இருந்ததால் அடக்கிக்கொண்டான்.

தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பலூச்சி மெக்கானிக் தாத் கரீமிடம் வண்டி போனது. அவர் பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். ஆறாவது சிலிண்டர் எத்தனை வருடமாகத் தூங்குகிறது என்று விசாரித்தார். அது தூங்கவில்லை, இருமுகிறது, அதன் சுபாவமே அப்படி என்றான் ஹுமைத். ஐந்து அடி ஒழுங்காக விழும், ஆறாவது இடத்தில் 'பஃப்' என்று ஒரு இருமல் வரும். அதற்கு ஏழெட்டு வருடமாக அப்படித்தான். தாத் கரீம் வெடிப்பு விட்டிருந்த ஒரு பிளக் வயரைக் கழற்றி எறிந்து புதிது மாட்டினார். இருமல் போய்விட்டது.

"அவ்வளவுதான். பாதி பலம் இதுலயே வந்துடுச்சு. ஏர் ஃபில்டரத் தட்டிப் போட்டு, வால்வுக்கு இடைவெளி சரி பண்ணித் தர்றேன். இத்தோட நிறுத்திக்க ஹுமைத்," என்றார் தாத் கரீம்.

நல்ல புத்தியை எங்கே விற்கிறார்கள் என்று தெரிந்திருந்தும் ஹுமைத் அந்தக் கடைக்கு முதுகைக் காட்டி நிற்கிறவன். பார்லி மூட்டைக் கணக்கில் பிளக் வயருக்கு ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அதனால் அதை அவன் நம்பவில்லை. வேலை பத்து நாள் நடந்தது. கார்புரேட்டரில் பெரிய ஜெட் வைத்தார்கள். ஹெட்டைக் கழற்றி லேத்தில் இழைத்தார்கள். இன்ஜின் சுமந்து சுற்றிக்கொண்டிருந்த பெரிய விசிறியை எடுத்துவிட்டு, உடைத்த கார் ஒன்றிலிருந்து கரண்ட் விசிறி மாட்டினார்கள். பழைய இரும்புக் கடையில் கிடைத்த, ஆறு குழாயும் தனித்தனியாக வந்து கூடுகிற எக்ஸாஸ்டைப் பூட்டினார்கள். சைலன்ஸர் போயிற்று. கதவுக்கு அடியில் நேராக ஒரு குழாய் வந்து நின்றது.

எடையைக் குறைத்தால் அதுவும் பலம்தான் என்பது ஹுமைதின் சொந்தக் கண்டுபிடிப்பு. ஸ்டெப்னியைக் கழற்றினான். தண்ணீர் டிரம், ஜாக்கி, மண்வெட்டி, பின்கதவு எல்லாம் இறங்கின. பக்கத்து சீட்டும் இறங்கியது. எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது தாத் கரீம் அவன் வயிற்றைப் பார்த்தார். ஹுமைதே சொன்னான்: "தெரியும் உஸ்தாத். இதக் கழட்டத்தான் ஸ்பேனர் கிடைக்கல."

வண்டி பட்டறையில் கிடந்த பத்து நாளும் ஒட்டகங்களுக்குத் தீனி கொண்டுபோனது முசல்லம். ஹுமைதுக்கு ஐந்து ஒட்டகங்கள். ஊருக்கு வெளியே, மணல் தொடங்கும் இடத்தில் பட்டி. அதில் மியாசா மட்டும் காலியாவுடையது. ஆறு வருடத்துக்கு முன்னால் பிறந்த மூன்றாம் நாளே தாயை இழந்த குட்டி. காலியா புட்டிப்பால் கொடுத்து, குளிருக்குத் தன் போர்வையைப் போர்த்தி, பிழைக்காது என்று சொன்ன எல்லோர் வாயையும் மூட வைத்து வளர்த்தது. இப்போது மியாசாவுக்கு முதல் சூல். பதின்மூன்று மாதம் முடியப் போகிறது. இந்தப் பிரசவம் நல்லபடி ஆக வேண்டும் என்று காலியா ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் மகன் நாஸிருக்காகக்கூட அவள் அப்படிக் கேட்டதில்லை என்று ஹுமைத் குறைப்பட்டுக்கொள்வான்.

எங்களில் யாரும் இப்போது ஒட்டகத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்வதில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் போதும். எவன் வண்டி எது என்று ஒட்டகத்துக்குத் தெரியும். ஹுமைதின் இருமல் வண்டி மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் வரும்போதே ஐந்தும் தலையைத் தூக்கிவிடும். பார்லியும் காய்ந்த மத்தி மீனும் குதிரைமசால் தழையும் வருகிறது என்று அதற்கு அர்த்தம். மேய்ச்சலுக்கு எவ்வளவு தூரம் போயிருந்தாலும் ஓடி வந்துவிடும். ஹுமைத் கீழே இறங்கக்கூட மாட்டான். காலியா இறங்கித் தீனி போடுவாள், அவன் உள்ளே உட்கார்ந்து காபி குடிப்பான்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஹுமைத் பட்டறையிலிருந்து நேரே மணல்மேட்டுக்குப் போனான். சத்தம் முதலில் வந்தது, வண்டி கொஞ்சம் பின்னால் வந்தது. கூட்டம் எழுந்து நின்றது. முதல் முறை முக்கால் பங்கு ஏறித் திரும்பினான். இரண்டாம் முறை, எங்கள் எல்லோர் வயிற்றிலும் அந்தச் சத்தம் அதிர, உச்சிக்குப் போயே போய்விட்டான். உச்சி விளிம்பில் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்து, முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் சுற்றியது. அதுவும் ஏறியதாகத்தான் கணக்கு. முசல்லம்தான் கயிறு போட்டு இழுத்து விட்டான்.

"ஒத்துக்கிறேன் மச்சான். ஏத்திட்டீங்க," என்றான் அவன், சிரிக்காமல்.

அந்த மாலை ஹுமைத் குடித்த காபிக்கு நிகரான காபி அவன் வாழ்நாளில் இல்லை. நாலு கோப்பை குடித்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில், மகரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், அதே வண்டியில் பட்டிக்குப் போனான். சத்தம் கேட்டதும் ஒட்டகங்கள் பின்வேலியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றன. ஏறிய வண்டிக்கு அவையும் மரியாதை செய்கின்றன என்று எடுத்துக்கொண்டான். எண்ணிப் பார்த்தால் நாலுதான் இருந்தது. பக்கவேலியில் ஒரு கம்பு சாய்ந்து கிடந்தது. சூல் முற்றிய ஒட்டகம் தனியிடம் தேடிப் போவது வழக்கம்தான். ஆனால் வெளிச்சம் போய்விட்டது, தடம் பார்க்க முடியாது. காலியா அன்றிரவு சாப்பிடவில்லை.

விடிந்ததும் முசல்லம் வந்து நின்றான். "நானும் வர்றேன் மச்சான். பத்து நாளா தீனி போட்டவன் நான். என் வண்டிச் சத்தம் அதுக்கு இப்பப் பழகிடுச்சு."

நேற்று மேடேறியது யார் வண்டி என்று கேட்டான் ஹுமைத். இனி அந்த மணலில் தன் வண்டி போகாத இடமே கிடையாது, நீ போய்த் தூங்கு என்று மச்சினனை அனுப்பிவிட்டான். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, சரி வா என்று சொல்லியிருந்தால் போதும். தவளை தன் வாயால் கெடும் என்பது தவளைக்கு மட்டும் தெரிவதில்லை.

காலியா உட்கார சீட் இல்லை. பேரீச்சை மூட்டை ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கதவைப் பிடித்துக்கொண்டாள். மியாசாவின் தடம் எங்களில் யாருக்கும் தெரியும். இடது பின்கால் கொஞ்சம் வெளியே திரும்பி விழும், இப்போது சூலின் கனத்தில் ஆழமாகவும் பதிந்திருந்தது. வேலியிலிருந்து தெற்கே நிதானமாக நடந்திருந்தாள். ஹுமைத் தடத்தின் மேலேயே ஓட்டினான். தடம் மேட்டைச் சுற்றிப் போன இடங்களில் அவன் சுற்றவில்லை, நேராக ஏறினான். தேடி வந்த காரியம் ஒரு பக்கம் இருக்க, ஒவ்வொரு மேட்டையும் ரசித்து ரசித்து ஏறினான். இதைச் சொல்லும்போது மட்டும் இன்றும் அவன் சிரிப்பதில்லை.

முதல் மேடுகளுக்கு அப்பால் ஒரு பள்ளத்தில் அவள் படுத்திருந்த இடம் தெரிந்தது. முன்கால் மடிந்த குழி, வயிறு அழுந்திய அகலம். பிறகு எழுந்து போயிருந்தாள். ஹுமைத் நிறுத்தாமல் ஓட்டினான். இரண்டாவது இடத்தில் மணல் ஈரமாக இருந்தது, பனிக்குடம் உடைந்திருந்தது. காலியா என்னவோ கத்தினாள். கதவுக்கு அடியில் குழாய் கத்திய கத்தலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீக்கிரம் போகச் சொல்கிறாள் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தான். அவள் அவன் தோளைப் பிடித்துக் கத்தினாள். இன்னும் மிதித்தான்.

மூன்றாவது இடத்தில் காலியாவே சாவியைத் திருகி அணைத்துவிட்டு இறங்கினாள். ஈரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்தாள். ஹுமைத் இறங்கித் தடத்தைப் பார்த்தான். அவனுக்குத் தண்ணீர் லாரி ஓட்டத் தெரியும் முன்பே தடம் படிக்கத் தெரியும். மியாசா படுத்திருக்கிறாள். வயிற்றை முக்கியிருக்கிறாள். பிறகு நாலு காலும் ஒரே நேரத்தில் மணலைக் கிளறி, விரல் ஆழ ஊன்றி, பாய்ந்திருக்கிறாள். பிரசவ வலியில் இருக்கிற ஒட்டகம் அப்படி ஓடாது. எதற்குப் பயந்தாள் என்று ஓநாய்த் தடம் தேடினான், மனிதத் தடம் தேடினான், ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தான். அவன் டயர் ஏறி வந்த மேடு நேர் பின்னால் இருந்தது. அந்த மேட்டுக்கு நேர் எதிர்த்திசையில் அவள் ஓடியிருந்தாள்.

"அவ படுத்திருக்கா. நான் எழுப்பி ஓட விட்டிருக்கேன்," என்றான் ஹுமைத்.

"மூணு தடவை," என்றாள் காலியா. குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "ரெண்டாவது எடத்துலயே பார்த்துட்டேன். கத்திக் கத்தித்தான் தொண்டை போச்சு. உங்களுக்குக் கேக்கல."

தலைப்பிள்ளைக்காரி. வலி கண்ட நேரத்தில் படுக்க விடாமல் விரட்டினால் குட்டி உள்ளேயே போகும், தாயும் தங்காது. இது இரண்டு பேருக்கும் தெரியும். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவனுக்கு அதன் கடி அவனோடு போகும். ஹுமைத் விட்டது காலியாவின் மடியில். அவனுக்கு அழுகை வந்தது. அழுதான். குடிக்க ஒரு வாய் தண்ணீர் கேட்டாள் காலியா. டிரம் வீட்டில் இருந்தது. முசல்லமைக் கூப்பிடலாம் என்று கைபேசியை எடுத்தான். அந்த மேடுகளுக்கு நடுவில் சிக்னல் கிடையாது.

வண்டியை அங்கேயே விட்டு நடந்தார்கள். இரண்டு மேடு ஏறி இறங்குவதற்குள் ஹுமைதுக்கு நெஞ்சு அடைத்தது. கழற்றாமல் விட்ட எடை என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது மேட்டின் உச்சியில் காலியா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கீழே, கல் எறிந்தால் விழும் தூரத்தில், மியாசா காலை அகட்டி நின்றுகொண்டிருந்தாள். வாலுக்கு அடியில் குட்டியின் ஒரு கால் தெரிந்தது. ஒரே கால். இரண்டு கால் தெரிய வேண்டும்.

மேலே அசைவைப் பார்த்ததும் மியாசாவின் காது பின்னால் போனது. போகத் திரும்பினாள். காலியா கூப்பிட்டாள், உதடு மட்டும் அசைந்தது.

"நீங்க கூப்பிடுங்க," என்றாள் மூச்சுக்குரலில்.

"மியாசா," என்றான் ஹுமைத். "மியாசா, வாம்மா, நான்தான்."

யார் இந்த ஆள் என்பது போல அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நாலு அடி நடந்தாள். பட்டறையில் போன பத்து நாள் நீங்கலாக, ஆறு வருடமாக ஒரு நாள் தவறாமல் தீனி கொண்டுபோனவன். ஆனால் இதுவரை ஒரு தடவையாவது அவளை வாயால் கூப்பிட்டிருக்கிறானா என்று யோசித்துப் பார்த்தான். இல்லை. அவள் அறிந்ததெல்லாம் வண்டியைத்தான். உள்ளே ஒருவன் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

இன்னும் இரண்டு அடி நடந்தாள். ஹுமைத் உதட்டை நனைத்துக்கொண்டான். ஐம்பத்து நாலு வயது, பேரன் எடுத்தவன், ராணுவத்தில் பட்டை வாங்கியவன். பின்னால் காலியாவைத் தவிர யாரும் இல்லை என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, கன்னத்தை உப்பி, 'கிர்ர்ர்' என்று வண்டியைக் கிளப்பினான். பிறகு, 'டுக்டுக்டுக்டுக்டுக்டுக்' என்று சீராக ஓட்டினான்.

மியாசா நிற்கவில்லை.

காலியா அவன் காதருகில் வந்தாள். "இருமல விட்டுட்டீங்க."

தாத் கரீம் சரிசெய்த வண்டியைத்தான் அவன் வாய் ஓட்டிக்கொண்டிருந்தது. மறுபடி கிளப்பினான். டுக், டுக், டுக், டுக், டுக், பஃப். டுக், டுக், டுக், டுக், டுக், பஃப். மியாசாவின் தலை உயர்ந்தது. காது முன்னால் வந்தது. அங்கேயே நின்று, வருகிற வண்டியைத் தேடி மேட்டைப் பார்த்தாள். ஹுமைத் நின்ற இடத்திலிருந்து மெதுவாக இறங்கினான், இருமல் ஒன்றுகூடத் தவறாமல். பார்லி வரவில்லை, மீன் வரவில்லை, வாயைக் குவித்துக்கொண்டு ஒரு பருத்த ஆள் மணலில் சறுக்கி வந்தான். ஆனாலும் அவள் நின்றாள். பிறகு பெரிய மூச்சு விட்டு, முன்காலை மடக்கிப் படுத்தாள்.

காலியா பின்னால் போய், எங்கள் பெண்கள் மூக்கையும் கன்னத்தையும் மறைத்து அணியும் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு மண்டியிட்டாள். அவன் மூச்சு வாங்க நிறுத்தினால் மியாசா எழப் பார்த்தாள். அதனால் அவன் நிறுத்த முடியாது. காலியா கையை உள்ளே விட்டு, மடங்கிக் கிடந்த இன்னொரு காலைத் தேடினாள். கிடைத்தது, நழுவியது, மறுபடி கிடைத்தது. ஹுமைத் தலைமாட்டில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டே ஓட்டினான். உதடு மரத்தது, பிறகு வெடித்தது. அரை மணி நேரம் வண்டி அணையவில்லை. சும்மா நின்றுகொண்டு இவ்வளவு நேரம் ஓடினால் பெட்ரோல் வீண் என்று அவனுக்கு ஒரு கட்டத்தில் தோன்றியதாம். காலியா தன் சால்வையை இரண்டு காலிலும் சுற்றி, மியாசா முக்கும்போது இழுத்தாள். குட்டி மொத்தமாக வந்து மணலில் விழுந்தது.

அசையவில்லை. காலியா மூக்கையும் வாயையும் வழித்தாள், சால்வையால் நெஞ்சைத் தேய்த்தாள். ஹுமைதின் வாய் தானாக நின்றுபோனது. அந்தப் பள்ளத்தில் வேறு சத்தமே இல்லை. இது போனால் காலியா முகத்தைத் தன்னால் இனிப் பார்க்க முடியாது என்று நினைத்தான். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்பதுதான் அவனுக்குப் பெரிய பயமாக இருந்தது. காலியா குட்டியின் பின்காலைப் பிடித்துத் தூக்கி உலுக்கினாள். குட்டி தும்மியது. இன்னொரு முறை தும்மித் தலையை ஆட்டியது.

"பொட்டை," என்றாள் காலியா, குரலே இல்லாமல். அழுதுகொண்டே சிரித்தாள். மியாசா எழுந்து வந்து குட்டியை முகர்ந்தாள்.

குட்டி நின்று, விழுந்து, நின்று, பால் குடித்த பிறகு நண்பகல் ஆகிவிட்டது. தண்ணீர் இல்லை. வண்டியைக் கிளப்பினால் தாய் மறுபடி ஓடும். அத்தனை குதிரைகளையும் மணலிலேயே விட்டுவிட்டு நடந்தே திரும்புவது என்று ஆயிற்று. ஹுமைத் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான். முன்னால் காலியா நடந்தாள், பின்னால் குட்டியை முகர்ந்துகொண்டு மியாசா வந்தாள். ஒரு மணி நேர நடைக்குப் பிறகு ஊருக்கு முந்தைய கடைசி மேடு குறுக்கே வந்தது. சுற்றிப் போனால் வெகுதூரம். மேட்டின் அடியில் மியாசா நின்றுவிட்டாள். ஓடிய களைப்பும் பெற்ற களைப்பும் சேர்ந்து, குட்டியைப் பார்த்தும் அடி எடுத்து வைக்கவில்லை. ஹுமைதும் குட்டியோடு நின்றுவிட்டான். இதற்குமேல் தன்னால் ஆகாது என்று சொல்லத்தான் காலியாவைப் பார்த்தான்.

காலியா நாலு அடி மேலே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வண்டியக் கிளப்புங்க அபூ நாஸிர்," என்றாள், மகன் பெயரால் அவனை அழைத்து. "மேடு பெருசு. கியர மாத்துங்க."

ஹுமைத் குட்டியின் நாலு காலையும் மார்போடு சேர்த்துப் பிடித்தான். வெடித்த உதட்டைக் குவித்து முதல் கியருக்கு மாற்றினான். மியாசா தலையைத் தூக்கி அவன் பின்னால் நடக்கத் தொடங்கினாள். அவன் இருமி இருமி, உச்சி வரை ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறினான்.